அத்தான் வெட்டிய வழி

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தாலும் உன் அத்தான் எங்கிருந்தாவது வந்து பக்கத்தில் நின்றுகொண்டு, "ஸ்பீக்கர்ல போடு" என்கிறார். அவர் குரல் கேட்டதும் நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதை யாரும் ஸ்பீக்கரில் போட முடியாது.

பையைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் ஏறினாயே, அன்றைக்கு நம் புதிர்த் தோட்டத்தின் வழியையும் தலைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாய். ஆள் உயரத்துக்கு மேல் செடிச் சுவர்கள், உள்ளே எண்ண முடியாத திருப்பங்கள், நடுவில் ஒரு மேடை. உள்ளே போகிறவர்கள் மேடையைக் கண்டுபிடித்து, திரும்ப வெளியே வரவேண்டும். இதுதானே விளையாட்டு? இப்போது பாதி விளையாட்டுதான் நடக்கிறது. போகிறார்கள், வருவதில்லை. நான் டிக்கெட் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தேடப் போகிறேன். கடைசியில் அவர்கள்தான் என்னைக் கண்டுபிடித்து, "பயப்படாதீங்கம்மா" என்று ஆறுதல் சொல்கிறார்கள்.

வேன் டிரைவர்களின் தலைவர் போன வாரம் வந்தார். ஏரியில் மிதிபடகு, அருவி, குதிரைச் சவாரி, காட்சிமுனை, கடைசியாக நம் தோட்டம். சுற்றுலா வேனுக்கு இதுதான் ஒரு சுற்று என்பது உனக்குத் தெரியும். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏரியில விட்டா கால் வலிச்சதும் வந்துடறாங்க. அருவியில விட்டா நனைஞ்சதும் வந்துடறாங்க. உங்க தோட்டத்துல விட்டா, நான் வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுட்டு வரலாம் போலிருக்கு." பள்ளி விடுமுறைக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் நம் தோட்டத்தைச் சுற்றிலிருந்து எடுத்துவிடுவார்களாம். வேன் வராவிட்டால் ரோடு முடிகிற இந்த மூலைக்கு யார் வருவார்கள்? மூடிவிட்டுப் போகவேண்டியதுதான்.

உன் அத்தான் வழிநெடுக அம்புப் பலகை அடித்தது தப்பு. அவர் சாப்பிடப் போன நேரத்தில் நீ அத்தனை அம்பையும் எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தது அதைவிடத் தப்பு. ஒரு வேன் கூட்டம் முழுக்க இருட்டுகிறவரை உள்ளேயே சுற்றியதே. அந்த எரிச்சலில்தான் அவர் பலகைகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, "இவன் இருக்கிறவரைக்கும் இந்தத் தோட்டம் உருப்படாது" என்றார். அவர் ஒரு நாளைக்கு எவ்வளவோ பேசுகிறார். நீ அந்த ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

விடுமுறைக்கு முன்னால் வந்துவிடு. தோட்டத்துக்காக மட்டும் கூப்பிடவில்லை. இந்த வீட்டில் எனக்குப் பேச ஆளில்லை. அவர் செடி வெட்டும் கத்திரியோடுதான் பேசுகிறார்.

மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கும்,
அக்கா


பிப்ரவரி 16

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வர முடியாது. இங்கே ஒரு பெரிய கட்டிடத்தில் போக்குவரத்துப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. விட்டுவிட்டு வர இயலாது.

அத்தான் கோபத்தில் சொன்னார் என்கிறாய். சரி, கோபம் இல்லாதபோது என்ன சொன்னார்? சாண் உயர நாற்றாக வைத்த நாளிலிருந்து அந்தச் செடிகளை வளர்த்தவன் நான். எந்தத் திருப்பம் எங்கே வரவேண்டும் என்று தரையில் கயிறு கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிப் பார்த்தவன் நான். வருகிறவர்களிடம் அத்தான் "நம்ம தோட்டம்" என்பார். ஏதாவது செடி காய்ந்துவிட்டால் மட்டும் உன்னிடம் வந்து, "உன் தம்பி வெச்ச செடி" என்பார். நீயும் கேட்டிருக்கிறாய்.

வழியைத் தலைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டேன் என்றாய், எழுதுகிறேன். ஒரு கையைச் சுவரில் வைத்தபடியே நடந்தால் போய்ச் சேரலாம் என்று யாராவது புத்தி சொன்னால் நம்பாதே. மேடையைச் சுற்றியுள்ள சுவர்கள் வெளிச்சுவரோடு எங்கும் ஒட்டவில்லை. கையை வைத்தவன் வாசலுக்கே திரும்பி வருவான். வேண்டுமென்றேதான் அப்படிப் போட்டேன்.

நுழைந்ததும் இடது பக்கம் திரும்பு. கோணலாக நிற்கிற செடி வரும்வரை நேரே போய், அங்கே வலது பக்கம். அடிப்பக்கம் இலையில்லாமல் மொட்டையாக ஒரு செடி இருக்கும். அங்கே மறுபடி வலது. பழுத்த இலையோடு எப்போதும் சீக்குப் பிடித்த மாதிரி ஒன்று நிற்கும், அதைத் தாண்டி இடது. மேடை தெரியும். வெளியே வரும்போது இதையே தலைகீழாகச் செய். அந்தச் செடிகளைப் பார்த்து, பராமரிப்புப் போதவில்லை என்று அத்தான் புலம்புவார். அவற்றை நான் அடையாளத்துக்காகத்தான் அப்படியே விட்டுவைத்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அத்தான் கையில் கத்திரியைக் கொடுக்காதே.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

உன் வேண்டுகோள் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது. நீ போன மறுநாளே அவர் கத்திரியைத் தூக்கிவிட்டார். தோட்டம் அழகாக இருந்தால் டிரைவர்கள் அந்த அம்புக் கூத்தை மறந்துவிடுவார்கள் என்று நினைப்பு. கோணல் செடியா? பிடித்து நிமிர்த்திக் கட்டி, உச்சியைச் சமமாக வெட்டிவிட்டார். மொட்டைச் செடிக்கு எரு போட்டு இலை வரவைத்துவிட்டார். சீக்குச் செடியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஒன்று நட்டிருக்கிறார். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நிற்கின்றன. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். முதல் திருப்பத்துக்கு மேல் அது ஒரு உதவிக்கும் ஆகவில்லை.

வெளியே வந்து அவரிடம் சொன்னேன், அடையாளத்தையெல்லாம் அழித்துவிட்டீர்களே என்று. அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். "என் தோட்டத்துல எனக்கு வழி சொல்ல அவன் யாரு?" என்று கத்திரியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால். கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. எதிரே இருக்கிற குழாய்கூடத் தெரியவில்லை.

நான் ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். கத்திரிச் சத்தம் முதலில் கிழக்கே கேட்டது. பிறகு மேற்கே. பிறகு மறுபடியும் கிழக்கே. ஒழுங்காகச் செடி வெட்டுகிறவரின் சத்தம் இப்படி ஓடாது. "என்னங்க, வழி தெரியலையா?" என்று கூப்பிட்டேன். "வேலையா இருக்கேன்" என்று பதில் வந்தது. சரி, இருக்கட்டும் என்று சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால், கல்யாணம் ஆனதிலிருந்து அவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. ஒரு டீயும் போட்டுக் குடித்தேன். பிறகு மனசு கேட்காமல், "நான் உள்ளே வரட்டுமா?" என்றேன். "நீ எதுக்கு? நீயும் தொலைஞ்சு போறதுக்கா?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

சாயங்காலம் வேறு மாதிரிச் சத்தம் கேட்டது. கத்திரி இல்லை, அரிவாள். இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கிறார். சடசடவென்று கிளைகள் முறிய, என் ஜன்னலுக்கு நேர் எதிரே செடிச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்து நின்றார். தலை முழுக்க இலை. பனி விலகியதும் பார்த்தேன். மேடையிலிருந்து டிக்கெட் ஜன்னல் வரைக்கும் ஒரே நேர்கோடு. இடையில் இருந்த அத்தனை சுவரும் போய்விட்டது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே மேடையைப் பார்க்கிறேன். இது என்ன என்று கேட்டால், "காத்தோட்டத்துக்கு வெட்டினேன்" என்கிறார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர்.

அன்றைக்கு நான் அழுதேன், தம்பி. டிரைவர்கள் வாயிலிருந்து நீ இதைக் கேட்கக்கூடாது என்றுதான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். செடி திரும்ப வளரும். நீ வந்தால் வளரும்.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

குரங்கு கையில் பூமாலை என்பார்கள். அதை எழுதிவிட்டு, அவர் உன் புருஷன் என்பதால் அந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

நேர்கோடு போடுவதற்கு நான் எதற்கு? ஒரு கயிறும் அத்தானும் போதுமே.

நான் இங்கே செய்கிற வேலை என்னவென்று சொல்கிறேன். நன்றாகச் சிரித்துக்கொள். பெரிய கடை வளாகத்தில், கார் நிறுத்துகிற அடித்தளங்களில், தரையில் அம்பு போடுகிறேன். மஞ்சள் பெயிண்ட். போகும் வழிக்கு ஒன்று, வரும் வழிக்கு ஒன்று. போக்குவரத்துப் பொறுப்பு என்று உனக்கு எழுதியது இதைத்தான். இத்தனை அம்பு போட்டும் தினமும் யாராவது தன் காரைத் தேடிச் சுற்றுகிறான். கண்டுபிடித்ததும் என்னைத் திட்டிவிட்டுப் போகிறான்.

அம்பு இல்லாத இடம் ஒன்று மலைமேல் இருக்கிறது, அது நான் போட்டது என்று நினைத்துக்கொண்டுதான் குனிந்து பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். அதையும் வெட்டியாயிற்று.

இனி எழுதாதே.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். நான் எழுதுகிறேன், நீ படிக்காதே.

அம்பு விஷயத்துக்கு நான் சிரிக்கவில்லை. முதலில் கொஞ்சம் சிரித்தேன். பிறகு இல்லை.

இங்கே ஒரு கூத்து நடக்கிறது. வெட்டின மறுவாரம், தலையெழுத்து என்று அப்படியே தோட்டத்தைத் திறந்து வைத்தேன். முழங்கால் வலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லாம் அந்த வெட்டு வழியாக நேராக மேடைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அங்கிருந்து தங்கள் வீட்டு ஆட்கள் சுற்றுவதைப் பார்த்து, "இடது, இடது, ஐயோ வலது" என்று கத்துகிறார்கள். ஒரு அம்மா வேண்டுமென்றே புருஷனுக்குத் தப்பாக வழி சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே சுற்றிக் களைத்தவர்கள் எப்படியும் ஒரு இடத்தில் வெட்டில் வந்து விழுகிறார்கள், வெளியே போய்விடுகிறார்கள். வீம்பு பிடித்தவர்கள் வெட்டைக் கண்டும் காணாததுபோல் திரும்பிப் போய்த் தேடுகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் நீ நினைப்பதைவிட அதிகம்.

வேன்கள் நேரத்துக்குக் கிளம்புகின்றன. டிரைவர்கள் தலைவர் வந்து கை குலுக்கிவிட்டுப் போனார். உன் அத்தானைத் தாங்க முடியவில்லை. "பாத்தியா, யோசிச்சுதான் வெட்டினேன்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார். யோசித்தாராம். தலை முழுக்க இலையோடு வந்து நின்றதை நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

ஆக, தோட்டம் பிழைத்துவிட்டது. அதைக் காரணம் காட்டி உன்னைக் கூப்பிட முடியாது. காரணம் இல்லாமலே கூப்பிடுகிறேன். வா.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

படித்தேன்.

நான் வருஷக்கணக்காக வளர்த்ததைவிட அத்தான் ஒரு சாயங்காலம் வெட்டியது நன்றாக ஓடுகிறது. மிக்க மகிழ்ச்சி. முழங்கால் வலிக்காரர்களுக்கு என் வாழ்த்தைச் சொல்.

நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறது என்பதை இவ்வளவு சந்தோஷமாக எழுதிவிட்டு, கடைசி வரியில் வா என்கிறாய். வந்து என்ன செய்வது? வெட்டுக்குக் காவல் நிற்பதா? இங்கே இரண்டாம் தளத்தில் வேலை பாக்கி இருக்கிறது. அங்கே நான் அம்பு போட்டால்தான் ஒருவன் வீட்டுக்குப் போக முடியும்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

சொல்புத்தியும் இல்லை, சுயபுத்தியும் இல்லை. ஒருவர் கத்திரியோடு நிற்கிறார், ஒருவன் பெயிண்டோடு குனிந்திருக்கிறான். இரண்டு பேரும் பெரிய மனிதர்கள். நடுவில் நான் ஒரு பைத்தியக்காரி, தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

விடுமுறை தொடங்கிவிட்டது. மூச்சுவிட நேரமில்லை. உன் அத்தான் ஒரு உதவிக்கும் வருவதில்லை. ஒவ்வொரு வேன் வந்ததும் ஓடிப்போய் அந்த வெட்டு வாயில் நின்றுகொண்டு, வந்தவர்களிடம் ஏதோ பேசுகிறார். கூட்டம் சிரிக்கிறது. வரிசையில் நிற்கிறவர்கள் போடுகிற கூச்சலில் என் ஜன்னலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுந்து அந்தப் பக்கம் போனால் நிறுத்திவிடுகிறார். என்ன பெருமை அளக்கிறீர்கள் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, தோட்டத்தைப் பத்திதான்" என்கிறார். இனி என்னால் முடியாது. அவர் பெருமையையும் தாங்க முடியவில்லை, உன் ரோஷத்தையும் தாங்க முடியவில்லை.

வந்தால் வா. வராவிட்டால் போ. இனிமேல் உனக்கு நான் எழுதினால் என்னை ஏனென்று கேள்.

அக்கா


ஏப்ரல் 14

அக்காவுக்கு,

நீ எழுதமாட்டாய் என்பதால் நான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்திருந்தேன். சமாதானத்துக்கு வரவில்லை. அந்த வெட்டு எவ்வளவு மோசம் என்று என் கண்ணால் பார்த்துவிட்டு, ஆற அமர இன்னும் கொஞ்சம் கோபப்படலாம் என்றுதான் வந்தேன். யாருக்கும் தெரியக்கூடாது என்று தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, பஸ் நிலையத்தில் சுற்றுலா வேன் ஒன்றில் ஏறிவிட்டேன். டிரைவர் புது ஆள். கடைசி இடத்துக்கு மட்டும் போனால் போதும் என்றேன். சுற்று என்றால் முழுச் சுற்றுதான் என்றான். பிறந்து வளர்ந்த ஊரில் வாத்துப் படகில் உட்கார்ந்து மிதி மிதி என்று மிதித்தேன். அருவியில் நனைந்தேன். குதிரை என்னை ஏற்றிக்கொண்டு ஒரு இடத்தில் நின்றது, பிறகு அசையவே இல்லை. காட்சிமுனையில் வெறும் வெள்ளைப் பனியைத் தொலைநோக்கி வழியாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். இதற்கெல்லாம் ஜனங்கள் ஊர்விட்டு ஊர் வருகிறார்கள்.

பிறகு நம் தோட்டம். கூட்டத்தோடு வெட்டு வாயில் போய் நின்றேன். அத்தான் ஒரு முக்காலிமேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசியதை எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"இதைப் போட்டது என் மச்சான். நான் இந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரன். மத்தியானம் வீறாப்பா உள்ள போனேன், சாயங்காலம் வரைக்கும் வெளிய வரத் தெரியல. பொண்டாட்டி கூப்பிடறா, வழி தெரியலன்னு சொல்ல வெக்கம். உள்ள உக்காந்து அழுதுட்டேன். அப்புறம்தான் இப்படி வெட்டிட்டு ஓடி வந்தேன். என் மச்சான் மூளைகிட்ட நான் தோத்துப் போன இடம் இது. நீங்க வெட்டாம வந்து காட்டுங்க பாக்கலாம்."

கூட்டம் சிரித்தது. மச்சான் எங்கே என்று ஒருவர் கேட்டார். "கீழ பெரிய வேலையில இருக்கான். நான் பேசக்கூடாததைப் பேசிட்டேன். வருவான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

நான் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, வெட்டு வழியாகப் போகாமல், முறைப்படி வாசல் வழியாக உள்ளே போனேன். முதல் திருப்பத்தில் இடது பக்கம். அதற்கப்புறம் ஒன்றும் புரியவில்லை. எல்லாச் செடியும் ஒரே மாதிரி நிற்கிறது. நான் போட்ட தோட்டத்தில் எனக்கு வழி தெரியவில்லை, அக்கா. திரும்பத் திரும்ப அந்த வெட்டின் முன்னால் வந்து நின்றேன். ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போனேன். கடைசியில் வேன்காரன் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டான். அத்தான் வெட்டிய வழியாகத்தான் வெளியே வந்தேன். இதை அவரிடம் சொல்லிவிடாதே.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அன்றைக்கு டிக்கெட்டை உன் கையால்தான் வாங்கினேன். ஜன்னலுக்கு நேராக நின்று, "ஒண்ணு" என்றேன். நீ கிழித்துக் கொடுத்தாய். "அடுத்தது" என்றாய். நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வேனை அனுப்பிவிட்டு இருந்திருப்பேன். வெளியே வந்த பிறகும் ஜன்னலைப் பார்த்தேன். குனிந்துதான் இருந்தாய். ஏறிவிட்டேன்.

தம்பி


ஏப்ரல் 19

எருமைமாடே,

ஜன்னல் வரைக்கும் வந்தவனுக்கு "அக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? கையை நீட்டி டிக்கெட் வாங்கத் தெரிகிறது, அந்தக் கையாலேயே ஜன்னலைத் தட்டத் தெரியவில்லையா? எனக்கு எதிரே மலைபோல் கூட்டம் நின்றது. நான் விரல்களைத்தான் பார்த்தேன். பெயிண்ட் கறை இருந்திருக்கும், அதைக்கூடக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். முழுக்க. நீ சொல்லாதே என்றதையும் சேர்த்துத்தான். கேட்டுவிட்டு எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

இப்போது ஜன்னலில் வந்து நிற்கிற ஒவ்வொருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் கிழிக்கிறேன். தொப்பி போட்டவர்களைக் கழற்றச் சொல்கிறேன். நேற்று ஒருவர் மறுத்து என்னோடு சண்டைக்கு வந்துவிட்டார். வரிசை ரோட்டைத் தாண்டி நிற்கிறது. வேன்கள் மறுபடியும் தாமதமாகின்றன. டிரைவர்கள் தலைவர் வந்து, இப்படியே போனால் சுற்றிலிருந்து எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். "முகத்தைப் பாத்தது போதும், கிழிச்சுக் குடு" என்கிறார் உன் அத்தான். சொல்லிவிட்டு, அவரும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்.

நீ வந்து நிற்கிறவரைக்கும் இப்படித்தான் கிழிப்பேன். தோட்டம் மூடிப்போனால் நீதான் பொறுப்பு.

அக்கா